ஓரெழுத்து வசனம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். கற்றுக்கொள்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, என் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை நேரம் பார்த்து மிதிப்பது அதில் பாதி வேலை. மீதிப் பாதி கத்துவது. இருபது வருடமாகக் காலை ஆறு மணியிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை தகரமாகிவிட்டது. சாயங்காலம் அதே தொண்டையைத் தூக்கிக்கொண்டு போய் நாடகம் போடுவேன். எங்கள் குழுவில் எட்டுப் பேர். நாடகத்தை எழுதுவது நான், இயக்குவது நான், எல்லோரையும் திட்டுவதும் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஆனால் இது வாங்கண்ணனின் கதை.

அவர் ஒரு பத்து மாடி அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்குபவர். ஆறடி உயரம், சாம்பல் நிறச் சீருடை, பித்தான்களுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். கதவு திறந்தால் "வாங்க" என்பார். மாடி வந்து ஆள் இறங்கும்போதும் "வாங்க" என்பார். போங்க என்று சொல்ல அவருக்கு வாய் வராது. 'போயிட்டு வாங்க' என்று ஆரம்பித்தது காலப்போக்கில் தேய்ந்து கடைசிச் சொல் மட்டும் மிஞ்சிவிட்டது. மேலாளருக்கும் வாங்கதான், தண்ணீர் கேன் தூக்கி வருபவருக்கும் வாங்கதான். ஒரு நாள் யாரோ கூடையில் வைத்துக் கொண்டுவந்த பூனைக்குக்கூட வாங்க என்று சொன்னாராம். கேட்டால், "பழக்கமாயிடுச்சுங்க" என்பார்.

எங்கள் குழுவில் பதினொரு நாடகங்களில் அவர் வேலைக்காரராக வந்தார். "ஐயா, யாரோ வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடும் வேடம். அதைச் சொல்வதற்காக இரண்டு மாதம் ஒரு நாள் விடாமல் ஒத்திகைக்கு வருவார். ஓரமாக உட்கார்ந்திருப்பார். எல்லோருடைய வசனமும் அவருக்கு மனப்பாடம். யாராவது மறந்து விழித்தால் மெதுவாக எடுத்துக் கொடுப்பார், அதையும் மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

பன்னிரண்டாவது நாடகத்தில்தான் வினை வந்தது. ஓர் ஆலை முதலாளி. பத்து வருடத்துக்கு முன்னால் அவரை விட்டுப் போன மனைவி, ஒரு கையெழுத்துக்காகத் திரும்பி வருகிறாள். மூன்றாம் காட்சியில் அவள் வாசலில் வந்து நிற்க, முதலாளி கையிலிருக்கும் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் "வா" என்கிறார். ஒரே எழுத்து. அப்புறம் "உட்காரு." அப்புறம்தான் மற்றதெல்லாம். அந்த ஒரு எழுத்தை எழுதிவிட்டு நான் என்னை நானே மெச்சிக்கொண்டு ஒரு வாரம் திரிந்தேன். முதலாளியாக நடிக்க வேண்டியவருக்கு வேலை மாற்றல் வந்து அவர் ஊரைவிட்டே போய்விட்டார். நாடகத்துக்கு ஆறு வாரம் இருந்தது. ஆறடி உயரமும் மொத்த வசனமும் கைவசம் இருந்த ஒரே ஆள் வாங்கண்ணன்.

"நீதான்யா முதலாளி" என்றேன். அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரையோ சொல்கிறேன் என்று.

ஓர் அச்சகத்தின் மேல்மாடியில் ஒத்திகை நடக்கும். கீழே இயந்திரம் ஓடினால் எங்கள் தரை நடுங்கும். அங்கே நான் ஒரு பயிற்சி வைத்திருந்தேன். ஒன்றிலிருந்து பத்து வரை எண் எழுதிய சீட்டுகள். ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு சீட்டைக் குத்திவிடுவேன். ஒன்று என்றால் கால் தூசு, பத்து என்றால் ராஜா. தன் எண் தனக்குத் தெரியாது. மற்றவர்கள் நடத்துவதைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பாத்திரத்தின் அந்தஸ்து அவன் முகத்தில் இல்லை, எதிரில் இருப்பவனின் முதுகெலும்பில் இருக்கிறது என்று பெரிய தத்துவம் மாதிரி சொல்வேன்.

வாங்கண்ணனுக்கு அந்தத் தத்துவமெல்லாம் தேவைப்படவில்லை. இரண்டு நிமிடத்தில் தன் எண்ணைச் சொல்லிவிடுவார், ஊரார் எண்ணையும் சேர்த்து. இருபத்தாறு வருடம் லிஃப்டுக்குள் உட்கார்ந்து வேறென்ன பார்த்தார்? ஒரு நாள் சாவகாசமாக விளக்கினார். பெரிய ஆட்கள் மாடி எண்ணைச் சொல்ல மாட்டார்கள், உனக்கே தெரியும் என்று நிற்பார்கள். நடுத்தரம் கைக்கடிகாரத்தைப் பார்க்கும். சின்ன ஆட்கள் இறங்குவதற்கு ஒரு மாடி முன்னாலேயே நன்றி சொல்லிவிடுவார்கள். பெரியவர் ஏறினால் லிஃப்டுக்குள் எல்லோரும் அரை அடி சுவரோடு ஒட்டுவார்கள், இடம் இருந்தாலும் ஒட்டுவார்கள். பேங்க் அம்மா இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டார். அவர்தான் நாடகத்தில் மனைவி. நிஜத்தில் வங்கியில் வேலை.

"நெஜமாவே பெரிய ஆளுங்களுக்கு, தாங்க எல்லாரையும் 'நீ, வா, போ'ன்னு பேசறோம்கறதே தெரியாதுங்க" என்று வாங்கண்ணன் கடைசியாகச் சொல்லி, என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல கவனிப்பு என்று நானும் தலையாட்டினேன். மரமண்டை.

சொல்லிக்கொடுத்ததை எல்லாம் கப்பென்று பிடித்துக்கொண்டார். ஸ்டூலில் உட்கார்ந்தே பழகியவருக்கு நாற்காலியின் முதுகு எதற்கென்று தெரியாது. எப்போதும் நுனியில்தான் உட்காருவார். இரண்டு சாயங்காலத்தில் அதை மாற்றினேன். தலையை ஆட்டாமல் பேசுவது, பதில் சொல்லுமுன் எதிராளியைக் காக்கவைப்பது, கையை எங்கே வைப்பது, எல்லாம் வந்துவிட்டது. கோட்டைப் போட்டு அந்தப் பெரிய கைவைத்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தால் எனக்கே எழுந்து நிற்கத் தோன்றும். ஒன்பது. சந்தேகமே இல்லாத ஒன்பது. அப்போது பேங்க் அம்மா வாசலில் வந்து நிற்பார். முதலாளி காகிதத்தைப் பார்த்தபடி வாயைத் திறப்பார்.

"வாங்க."

மொத்தக் குழுவும் விழுந்து விழுந்து சிரிக்கும். அவர் எழுந்து எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பார். ஒரே சாயங்காலத்தில் பதினான்கு முறை. பதினைந்தாவது முறை நான் சீட்டுக்கட்டைத் தூக்கி எறிந்தேன். வீட்டில் பெண்டாட்டியை எப்படிய்யா கூப்பிடுவாய், அப்படிச் சொல்லித் தொலை என்றேன்.

"வீட்லயும் வாங்கதாங்க" என்றார்.

அப்போதுதான் கதை வெளியே வந்தது. அவர் மனைவி அதே கட்டடத்தில் ஏழாவது மாடியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். தினமும் காலை நாற்பது விநாடி, மாலை நாற்பது விநாடி. "வாங்க, ஏழாவதுங்களே" என்று தொடங்கிய பழக்கம் இரண்டு வருடத்தில் கல்யாணத்தில் முடிந்தது. தாலி ஏறி இருபத்திரண்டு வருடமாகியும் வார்த்தை இறங்கவில்லை. எத்தனையோ முறை முயற்சி செய்தாராம். வாயைத் திறந்தால் பின்னாலேயே அந்த 'ங்க' ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும். மனைவி கேலி செய்து, கோபித்து, ஒரு கட்டத்தில் விட்டுவிட்டார். குழந்தை இல்லை. வீட்டில் இரண்டே பேர், இரண்டு பேரும் ஒருவரையொருவர் 'நீங்க'. மேலதிகாரி வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும் போல என்று நான் சிரித்தேன். அவரும் சேர்ந்து சிரித்தார்.

சரி, பாத்திரத்தின் நோக்கத்தைப் பிடித்தால் வார்த்தை தானாக வரும் என்று அந்த வழியில் போனேன். இந்த ஆளுக்கு என்னய்யா வேண்டும், யோசித்துக்கொண்டு வா என்றேன். மறுநாள் வந்து, வீட்டில் கேட்டேன் என்றார். மனைவியிடம் நாடகம் முழுவதையும் படித்துக் காட்டியிருக்கிறார்.

"அந்த அம்மா வந்து உக்காரணும், எழுந்து போயிடக் கூடாது. அதுக்கு மேல அந்தாளுக்கு ஒண்ணும் வேணாம்னு அவங்க சொல்றாங்க."

பிரமாதம், உன் வீட்டு அம்மாவையே இயக்குநராகப் போட்டுவிடலாமா என்று எரிந்து விழுந்தேன். முதலாளிக்கு அவள் கெஞ்ச வேண்டும். அவளைக் குனிய வைத்துப் பார்க்க வேண்டும். அதுதான் நோக்கம், எழுதியவன் நான் சொல்கிறேன் என்றேன். "சரிங்க" என்றார்.

மூன்றாம் வாரத்தில் ஒரு திங்கட்கிழமை. வாங்கண்ணன் சவரம் செய்த முகத்தோடு, ஏதோ பரிசு வாங்கின மாதிரி வந்தார். பேங்க் அம்மா வாசலில் வந்து நின்றார். முதலாளி காகிதத்திலிருந்து நிமிர்ந்தார். நிமிரக் கூடாது, நிமிர்ந்தார்.

"வா" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. பேங்க் அம்மாவுக்கு அடுத்த வசனம் மறந்துபோய்விட்டது. கீழே இயந்திரம் நின்றிருந்தது. அந்த 'வா'வில் ஒன்பதும் இல்லை, பத்தும் இல்லை, எண்ணே இல்லை. இருபத்திரண்டு வருடம் வாசலில் நின்ற ஒருவரை உள்ளே கூப்பிடுகிற குரல். எனக்கு உடம்பு சிலிர்த்தது. சிலிர்த்த கையோடு கோபமும் வந்தது, ஏனென்றால் என் நாடகம் அதில் காலியாகிவிட்டது.

"யோவ், கூப்பிடறியா, கொஞ்சறியா?" என்று கத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒத்திகை பார்த்தாராம். மனைவி கதவுக்கு வெளியே போய் நின்று, பேங்க் அம்மாவின் பாகத்தைப் படித்துக்கொண்டு உள்ளே வந்தாராம். அப்போது எப்படியோ சொல் வந்துவிட்டது. அவர் மனைவி பிரதியை மடித்துக்கொண்டு, "இது எனக்கா, அந்த அம்மாவுக்கா?" என்று கேட்டாராம்.

"என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"வெக்கமாப் போச்சுங்க. ஒத்திகைதாங்கன்னு சொல்லிட்டேன்."

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். பிரேக்கை மிதித்தேன். இனிமேல் வீட்டில் ஒத்திகை கூடாது என்றேன். அந்த வார்த்தை வீட்டில் குழைந்துபோகிறது, இங்கே எனக்கு அது இரும்பாக வேண்டும். நாடகம் முடிகிற வரைக்கும் உன் மனைவியிடம் 'வா' என்ற சொல்லே எடுக்கக் கூடாது, முடிந்த பிறகு ஒரு நாளைக்கு ஆயிரம் முறை சொல்லிக்கொள், யார் கேட்கப்போகிறார்கள் என்றேன். அவர் கொஞ்ச நேரம் கோட்டுப் பித்தானைத் திருகிக்கொண்டு நின்றார். இல்லைங்க, இது மட்டும் முடியாதுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேன். சத்தியமாக விட்டிருப்பேன். ஆனால் அவர் வாழ்க்கையில் யாரிடமும் அப்படிச் சொன்னது கிடையாது. அது எனக்குத் தெரியும். அவர் முதுகில் என்ன எண் என்று கண்டுபிடிக்க எனக்குச் சீட்டு வேண்டியதில்லை.

"சரிங்க" என்றார்.

அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். கட்டடத்துக்கே லிஃப்ட் ஓட்டுகிற மனிதர் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில். ஐம்பத்திரண்டு படி. அவர் மனைவிக்கு இதய வால்வில் கோளாறு. பத்துப் படி ஏறினால் மூச்சு முட்டும். எட்டு மாதமாகக் கீழே இறங்கவில்லை. நாடகத்துக்கு எப்படியாவது வந்தே தீருவேன் என்று அடம்பிடிக்கிறார், என்ன செய்யலாம் என்று வாங்கண்ணன் கேட்டிருந்தார். இரண்டு அறை வீடு. ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி, சின்ன மேஜை, மாத்திரை டப்பா, என் நாடகத்தின் பிரதி. பிரதியில் முதலாளி மனைவியின் வசனங்களுக்குக் கீழே எல்லாம் பென்சில் கோடு.

மெலிந்த உருவம், ஆனால் குரல் மட்டும் டெலிபோனில் வருகிற மாதிரி அவ்வளவு தெளிவு. என்னை உட்காரச் சொல்லிவிட்டு முதல் பேச்சிலேயே போட்டுக்கொடுத்தார்.

"கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆச்சுங்க. இவரு இன்னும் என்னை லிஃப்ட்லயேதான் வெச்சிருக்காரு. ஏழாவது மாடி வரவே மாட்டேங்குது."

வாங்கண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். மேடையில் இருக்கும் கைவைத்த நாற்காலியைக் கொண்டுவருகிறோம், அதில் நீங்கள் உட்கார்ந்தால் போதும், நானும் எங்கள் குழுவிலிருக்கும் தையல்காரரும் மின்சாரக்காரரும் உங்கள் வீட்டுக்காரருமாக நாலு பேர் படியில் தூக்கி இறக்கிவிடுகிறோம் என்று திட்டத்தைச் சொன்னேன்.

"என்னைத் தூக்க நாலு பேரா? அதுக்குள்ளயா?" என்றார் அந்த அம்மா.

வாங்கண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. அப்படிப் பேசாதீங்க என்றார். அந்த அம்மா சிரித்துச் சமாளித்துவிட்டு, அந்த 'வா' நாடகத்தில் எத்தனையாவது நிமிடத்தில் வரும் என்று என்னிடம் கேட்டார். நாற்பத்திரண்டாவது நிமிடம் என்றேன். அதுவரைக்கும் மூச்சைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். அவர் வீட்டில் அதைச் சொல்லக் கூடாது என்று தடை போட்டது நான்தானா என்றும் கேட்டார். ஆமாம் என்று அசடு வழிந்தேன்.

"பரவாயில்ல. இருபத்திரண்டு வருஷம் பொறுத்தாச்சு, இன்னும் மூணு வாரம்தானே."

அங்கேயே, அந்த ஜன்னலோரத்தில், 'அட, சொல்லிடுய்யா' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். நான் காபியைக் குடித்துவிட்டு, நாற்காலி படி வளைவில் திரும்புமா என்று அளவெடுத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

நாடகத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு வியாழக்கிழமை காலை. லிஃப்ட் தரைத்தளத்தில் திறந்தது. வாங்கண்ணன் வழக்கம்போல "வாங்க" என்ற பிறகுதான் எதிரில் நிற்பது பக்கத்து வீட்டு அம்மா என்று பார்த்தாராம். அவருக்குச் செருப்புக்கூட இல்லை.

பேங்க் அம்மா எனக்குப் போன் செய்தார். ஓட்டிக்கொண்டிருந்த பெண்ணை நடுவழியில் இறக்கிவிட்டு, கூரைமேல் பயிற்சிப் பலகை மாட்டிய அதே வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். எல்லாம் முடிந்திருந்தது. வாங்கண்ணன் சீருடையில், கட்டிலுக்குப் பக்கத்தில், லிஃப்டில் நிற்கிற மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அழவில்லை. உதடு மட்டும் என்னமோ முயன்றது. இப்போது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து, மனைவியின் முகத்தருகில் மெதுவாகச் சொன்னார்.

"வீட்டுக்குப் போலாங்க. டாக்டர் உங்களக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க."

ஐம்பத்திரண்டு படி. நான், தையல்காரர், மின்சாரக்காரர், அவர். அந்த அம்மா எண்ணிய அதே நாலு பேர். அந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். இரண்டாவது மாடி வளைவில், பாத்துங்க, சுவர் இடிக்கும் என்று அவர் எங்களுக்கு வழி சொன்னார். பிரதி மேஜைமேல் மூன்றாம் காட்சியில் திறந்திருந்தது.

நாடகத்தை நிறுத்திவிட்டேன் என்று எல்லோருக்கும் சொல்லி அனுப்பினேன். திங்கட்கிழமை சாயங்காலம் அச்சகத்து மாடிக்குத் தனியாகப் போனால், அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். கோட்டு மடியில். நடத்துங்க என்றார். வேண்டாம்யா, எனக்கு மனசு வரவில்லை என்றேன். அவங்க மொத்தமும் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தாங்க, நிறுத்தினால் ஏன் என்று கேட்பாங்க என்றார். யார் கேட்பார்கள் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. இருநூறு பேர் இருந்திருப்பார்கள். நான் திரைக்குப் பக்கத்தில் நின்றேன். நாற்பத்திரண்டாவது நிமிடம். பேங்க் அம்மா வாசலில் வந்து நின்றார். முதலாளி நாற்காலியில் முழுசாகச் சாய்ந்திருந்தார். காகிதத்தைப் புரட்டினார். அவளைக் காக்கவைத்தார். கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"வா."

இரும்பு. நான் கேட்ட அதே இரும்பு. முன்வரிசையில் ஓர் ஆள் நிஜமாகவே நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்தக் குழைவும் இல்லை, எந்த 'ங்க'வும் ஓடி வரவில்லை. "உட்காரு" என்றார். அதுவும் அப்படியே. இயக்குநராக என் வாழ்நாளில் எனக்கு அவ்வளவு சரியாக ஒரு வசனம் கிடைத்ததில்லை. திரையைப் பிடித்துக்கொண்டு, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதேன்.

கைதட்டு ஓய்ந்து எல்லோரும் கலைந்தபின், ஒப்பனை அறையில் அவர் கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்.

"சரியா வந்துதுங்களா?" என்று கேட்டார்.

வந்தது என்றேன்.

"இப்ப கஷ்டமே இல்லைங்க. அந்த வார்த்தைக்கு ஆள் இல்லைன்னு ஆயிடுச்சு. யாருக்கு வேணாலும் வருது."

"என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

பதினைந்து வருடப் பழக்கத்தில் அன்றுதான் அவரை முதன்முதலாக 'ங்க' போட்டுப் பேசினேன். என் காதில் விழுந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. பதறிப்போய், நீங்க போய் என்கிட்ட இப்படியெல்லாம் பேசலாமா என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மடித்த கோட்டை என்னிடம் கொடுத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர், ஏதோ கேட்க மறந்த மாதிரி திரும்பினார்.

"ஆனா வீட்ல மட்டும் வர மாட்டேங்குதுங்க. வேலை முடிஞ்சு போனதும், அவங்க நாற்காலிய இழுத்துப் போட்டு, கதவத் திறந்து வெச்சிட்டு சொல்லிப் பாக்கறேன். தினமும் பாக்கறேன். வாங்கன்னுதான் வருது."